பாய்மரம் ஒட்டக் கொடுத்திருக்கிறீர்களா? பெயின்ட் அடிப்பதற்கு முன் ஒருமுறை போய்ப் பாருங்கள்

என் படகு சின்னது, பழையது. பாய்மரம் ஒரே கட்டையில் செதுக்கியது, நல்ல வைரம் பாய்ந்த மரம். மேல்தட்டுத் துளைக்குள் அது இறங்கும் இடத்தில், ஆடாமல் இருக்க ஆப்பு அடிக்கும் உயரத்தில், வார்னிஷுக்குக் கீழே கறுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக உள்வாங்கியது. மழைத்தண்ணீர் வழிந்து வந்து தேங்குகிற இடம் அது. கடல்தண்ணீரில் உள்ள உப்பு பூஞ்சையை ஓரளவு தடுத்துவிடும். மழைத்தண்ணீர்தான் மரத்துக்கு எமன்.

தெரிந்தவர் ஒருவர் சொல்லி, படகு வேலை செய்யும் ஒருவரிடம் கொடுத்தேன். "மக்கினதை வெட்டி எடுத்துட்டு, புது மரத்தைச் சாய்வா சீவி ஒட்டிடலாம். மூணு வாரம்" என்றார். அவர் சொன்ன முறை சரியானதுதான். அதனால்தான் நம்பினேன். பாதிக்கு மேல் முன்பணமும் கொடுத்தேன், அது என் புத்தி.

மூன்று வாரம் இரண்டு மாதமானது. நடுவில் இரண்டு தடவை "வந்து பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். ஒரு தடவை பசை காய்கிறது, தொடக் கூடாது என்றார். அடுத்த தடவை ஊரில் இல்லை என்றார். கடைசியில் வந்து சேர்ந்தபோது பாய்மரம் பளபளவென்று வெள்ளை பெயின்டில் நின்றது. "வார்னிஷ்தானே சொன்னேன்?" என்றதற்கு, "வெயிலுக்கு பெயின்ட்தான் சார் தாங்கும்" என்றார். அது உண்மைதான். ஆனால் ஒட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று இனி யாராலும் பார்க்க முடியாது. அந்த யோசனை எனக்கு அப்போது வரவில்லை.

நீளவாட்டில் இருந்த வெயில் வெடிப்புகளையும் அடைத்திருந்தார், அதற்குத் தனிக் காசு. கெட்டியாக இறுகும் பட்டியை வைத்து அடைத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. முழுக்கட்டைப் பாய்மரத்தில் இழையோடு போகும் வெடிப்பு பெரும்பாலும் ஆபத்தே இல்லை. ஈரத்தில் மரம் ஊதும்போது அது தானாக மூடிக்கொள்ளும். அதற்குள் கல் மாதிரி எதையாவது அடைத்தால், மரம் ஊதும்போது அதுவே ஆப்பாகி வெடிப்பை நீட்டும். பயப்பட வேண்டியது குறுக்கே ஓடும் கோட்டுக்குத்தான்.

மூன்றாவது தடவை பாய் விரித்தபோது, பெரிய காற்றுகூட இல்லை, கீழேயிருந்து 'மளுக்'கென்று ஒரு சத்தம். அண்ணாந்து பார்த்தால் பாய்மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. பதறிப்போய்ப் பாயை இறக்கிவிட்டு மோட்டாரில் கரை சேர்ந்தோம்.

வேறொரு தச்சரை வைத்துப் பெயின்டைச் சுரண்டினோம். மரத்தின் தடிமன் 12 செ.மீ. ஒட்டின் நீளம் 30 செ.மீ.கூட இல்லை! சாய்வு ஒட்டின் நீளம் தடிமனைப் போல எட்டு மடங்காவது இருக்க வேண்டும், அதாவது கிட்டத்தட்ட ஒரு மீட்டர். பத்து, பன்னிரண்டு மடங்கு வைப்பவர்களும் உண்டு. குறுக்கே வெட்டிய முகத்தில் பசை பிடிக்காது, இழையின் பக்கவாட்டில்தான் பிடிக்கும். சாய்வு நீள நீளத்தான் அந்தப் பக்கவாட்டு முகம் கிடைக்கும். இந்த ஆள் சாய்வைக் குட்டையாக வைத்து, முகம் சரியாகப் பொருந்தாத இடத்தில் நுரைத்துப் பொங்கும் பசையை ஊற்றியிருக்கிறார். அந்த நுரை இடைவெளியை நிரப்பும், பலம் தராது. போதாததற்கு நான்கு சாதா இரும்புத் திருகு, அதற்குள் துரு.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஒட்டுக்குக் கீழே பழைய மக்கல் அப்படியே இருந்தது. தச்சர் குத்தூசியை வைத்து அழுத்தினார், கேக்கில் இறங்குவதுபோல இறங்கியது. மேலே பட்டி, அதற்கு மேலே பெயின்ட். ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே ஊறிக்கொண்டிருந்திருக்கிறது.

போன் செய்தேன். "காத்துக்குப் பாயைச் சுருக்கியிருக்கணும் சார்" என்றார். பணத்தைப் பற்றிக் கேட்டதும் லைன் கட்டாகிவிட்டது.

இரண்டாவது தச்சர் சுரண்டிப் பார்க்காமல் தொகையே சொல்லவில்லை. நல்ல மரம் எங்கே தொடங்குகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு, என் கையாலேயே குத்திப் பார்க்கச் சொன்னார். கணு இல்லாத, நன்றாகக் காய்ந்த மரத்தை எடுத்து, ஒட்டை 1.4 மீட்டருக்கு நீட்டினார். எபாக்சி பசை போடுவதற்கு முன் இரண்டு முகத்தையும் சேர்த்து வைத்து, வெளிச்சம் தெரிகிறதா பார் என்றார். தெரியவில்லை. மேலே வார்னிஷ் மட்டும்.

வெட்டி எடுத்த பழைய துண்டு என்னிடம்தான் இருக்கிறது. அதைப் போட்டோ எடுத்து முதல் ஆளுக்கு இரண்டு தடவை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, அவ்வளவுதான்.