ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை

இந்த ஆண்டு பொங்கலுக்குச் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் முன் என்ன வாங்கி வர என்று கேட்டபோது, அக்கா மகள் ஒன்றுதான் சொன்னாள்: "மாமா, ஒரு நாள் என்னுடன் ரிச்சி தெருவுக்கு வந்தால் போதும்." சென்னையில் கணினிப் பாகங்கள் விற்கும் கடைகள் நெருங்கிக் கிடக்கும் தெரு அது. அவள் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறாள். கணினியைத் தானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம். கையில் 40,000 ரூபாய். அதில் பாதி பாட்டி கொடுத்தது. மானிட்டரும் விசைப்பலகையும் வீட்டிலேயே பழையவை இருந்தன.

பொங்கலுக்கு முந்தைய சனிக்கிழமை செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறினோம். ஞாயிறன்று அந்தத் தெரு தூங்கும் என்பதால் வேறு நாள் கிடையாது. பூங்கா நிலையத்தில் இறங்கி ஆட்டோ பிடித்து, அண்ணா சாலைப் பக்கமாக உள்ளே நுழைந்தபோது மணி பதினொன்று. தள்ளுவண்டியில் சார்ஜர், அதற்கு மேல் மாடியில் மதர்போர்டு, நடுவே மூட்டை தூக்குபவர்களின் "வழி, வழி". இருபது ஆண்டுகளுக்கு முன் நான் பார்த்த தெரு பெரிதாக மாறவில்லை. சிங்கப்பூரில் இதே போன்ற கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கத்தில் கடைக்காரர்கள் அச்சடித்த விலைப்பட்டியலைக் கையில் திணித்த காலம் உண்டு. இங்கே விலை என்பது கடைக்காரரின் வாயில்தான் இருக்கிறது.

அவள் எழுதி வைத்திருந்த பட்டியலில் முதல் வரி ரைசன் 5 5600ஜி, கணினியின் மூளையான பிராசசர். 2021-ல் வந்த பழைய ஆள்தான். ஆனால் ஆறு கோர்களோடு (வேலையைப் பங்குபோட்டுச் செய்யும் பகுதிகள்) திரையில் படம் காட்டும் கிராபிக்ஸும் உள்ளேயே இருப்பதால் தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டாம். காற்றாடியும் பெட்டியிலேயே வரும். இன்டெலின் ஐ3 12100 பற்றி நான் வாயெடுத்தேன். "அதில் நாலு கோர்தான், மாமா" என்று முடித்துவிட்டாள்.

முதலில் ஏறியது ஒரு வளாகத்தின் இரண்டாம் மாடிக் கடை. பெயர் வேண்டாம். பட்டியலை வாங்கிய இளைஞர் விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் மளமளவென்று எண்களைப் போட்டார். மொத்தம் எங்கள் பணத்துக்குள் கச்சிதமாக அடங்கியது. அவ்வளவு கச்சிதமாக அடங்கியதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. கேட்கக் கேட்க வெளியே வந்தது. பிராசசர் பெட்டி இல்லாத டிரே சரக்கு, வாரண்டி கடையில் ஓராண்டு. ஜிஎஸ்டி பில் வேண்டும் என்றால் மேலே 18 சதவீதம். கணினியின் கூடான கேபினட்டோடு, பாகங்களுக்கு மின்சாரம் தரும் 500 வாட் எஸ்எம்பிஎஸ் இலவசம்.

அந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் வாங்கிப் பார்த்தேன். காலி டிபன் பாக்ஸ் கனம்தான். பக்கவாட்டில் 500 என்று கொட்டை எழுத்து. அக்கா மகள் அதைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த கட்டத்தில் விரலை வைத்தாள். 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர். பெருக்கினால் 192 வாட். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான். மேலே அச்சடித்த எண்ணை வைத்து என்ன செய்வது? இளைஞர் கோபப்படவில்லை. "எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்" என்றார். உண்மையாகவும் இருக்கலாம்.

இரண்டாவது கடை தரைத்தளத்தில், நின்றால் மூன்று பேருக்கு மேல் இடமில்லை. அங்கிருந்த பெரியவர் எங்கள் பட்டியலைப் படித்துவிட்டு, "ரேம் விலை தெரியுமா, தங்கச்சி?" என்றார். ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம். டிடிஆர்4 ரகத்தில் இரண்டு 8 ஜிபி ஸ்டிக்குக்கு அவர் சொன்ன தொகை, எல்லாப் பாகங்களையும் தாங்கும் மதர்போர்டின் விலையைத் தாண்டியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. குரூஷியல் என்ற பெயரில் சில்லறைக்கு விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டுவிடப் போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. "இந்த விலை இன்றைக்கு மட்டும். திங்கட்கிழமை வந்தால் என்னைத் திட்டக்கூடாது" என்றார்.

8 ஜிபி ஒன்று மட்டும் வாங்கிப் பிறகு சேர்த்துக்கொள்ளலாமே என்றேன். அவள் கேட்கவில்லை. உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் தனக்கென்று நினைவகம் இல்லாமல் ரேமைத்தான் கடன் வாங்குகிறது; இரண்டு ஸ்டிக், இரண்டு பாதை என்றால்தான் அதற்கு மூச்சு விட முடியும். ஆகவே கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 1 டிபியிலிருந்து 500 ஜிபி ஆனது, கண்ணாடிக் கேபினட் தகரக் கேபினட் ஆனது. எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்கவில்லை. 450 வாட், மின்சாரத்தை வீணாக்காததற்கான '80 பிளஸ்' வெண்கலச் சான்று பெற்றது. மதர்போர்டு பி450, ரைசன் 5000-க்குத் தயார் என்ற ஸ்டிக்கர் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுத்தாள். பழைய சரக்கென்றால், கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸைப் புதுப்பிக்கும் வரை திரையில் ஒன்றும் வராது.

கடைப் பையன் பூட்ட ஆரம்பித்தான். பிராசசரின் மூலையில் இருக்கும் பொன்னிற முக்கோணத்தைச் சாக்கெட்டின் முக்கோணத்தோடு பொருத்தி, அழுத்தாமல் விட்டான், அதுவாகவே உட்கார்ந்தது. நல்ல கை. ஆனால் ரேமை மட்டும் அடுத்தடுத்த இரண்டு ஸ்லாட்டில் செருகிவிட்டான். அப்படி வைத்தால் இரண்டுக்கும் ஒரே பாதைதான். "அண்ணா, இரண்டாவது ஸ்லாட்டும் நாலாவதும்" என்றாள். அவன் ஒரு நொடி பார்த்தான், சிரித்தான், கழற்றி மாற்றினான். பெரியவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். பூட்டுகூலியில் நூறு ரூபாய் குறைந்ததற்கு அந்தப் பார்வைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

விண்டோஸ் போட்டுத் தரட்டுமா, 500 ரூபாய் என்றான் பையன். எந்த விண்டோஸ் என்று கேட்க வேண்டியதே இல்லை, திருட்டு நகல்தான். விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் உபுண்டு போட்டுக்கொள்வதாக அவள் சொல்லிவிட்டாள். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் பெரியவர் தன் கையால் எழுதினார். ஜிஎஸ்டி சேர்த்து 41,300. கையில் இருந்ததற்கு மேல் போன தொகைக்கு என் சிங்கப்பூர் கார்டை நீட்டியபோது மட்டும் அவர் முகம் வாடியது: கார்டுக்கு 2 சதவீதம் கூட. அக்காவுக்குப் போன் போட்டு ஜிபேயில் அனுப்பச் சொன்னோம்.

மாலை ரயிலில் கேபினட்டை மடியில் கிடத்திக்கொண்டு செங்கல்பட்டு வரை வந்தேன். எதிரே இருந்த அம்மா மைக்ரோவேவ் அடுப்பா என்று கேட்டார்.

இரவு ஒன்பதுக்குத் திரை ஒளிர்ந்தது. இணையம்தான் வரவில்லை. எங்கள் மதர்போர்டில் வைஃபை கிடையாது என்பது எங்கள் இருவருக்குமே தோன்றாமல் போயிருந்தது. ரவுட்டர் கூடத்தில், கணினி உள்ளறையில். பஜாரில் பதினைந்து மீட்டர் லேன் கேபிள் வாங்கி வந்து கதவிடுக்கு வழியாக இழுத்தேன். நான் விமானம் ஏறும் வரை அக்கா பேசியது அந்தக் கேபிளைப் பற்றித்தான்.