மொபைலா, கிரெடிட் கார்டா, கிரைண்டரா: அஃபிலியேட் தளத்துக்கு எந்த நிச்?

அஃபிலியேட் தளம் (நம் லிங்க் வழியாக யாராவது வாங்கினால் கமிஷன் தரும் தளம்) ஆரம்பிக்கலாம் என்று யோசிக்கிறவர்களிடம் எந்த நிச், அதாவது எந்தக் குறுகிய துறை, என்று கேட்டால், பெரும்பாலும் மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள். மொபைல், லேப்டாப் என்று கேட்ஜெட் பக்கம். கிரெடிட் கார்டு, லோன், டீமேட் என்று பணத்தின் பக்கம். இல்லாவிட்டால் வீட்டுச் சாமான். நான் இருப்பது மூன்றாவதில், அதிலும் வெட் கிரைண்டர், மிக்ஸி என்ற சின்ன மூலையில். மொபைல் தளம் ஒன்றையும் கொஞ்ச காலம் நடத்திவிட்டு மூடியவன். பணம் பக்கம் கை வைத்ததே இல்லை. அதைப் பற்றி எழுதுவதெல்லாம் அங்கே வேலை பார்க்கும் நண்பர்கள் சொன்னதும், தேடல் முடிவுகளை நானே புரட்டிப் பார்த்ததும்தான். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை. கிரைண்டருக்குத்தான் என் ஓட்டு.

கமிஷன் கணக்கை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஒரு ஆளுக்கு இவ்வளவு என்று பார்த்தால் கார்டு பக்கம்தான் கொழுத்த தொகை. மொபைலுக்கு அமேசான் தரும் சதவீதம் பட்டியலின் அடியில் கிடக்கும். சமையலறைச் சாமான் இரண்டுக்கும் நடுவில். ஆனால் இந்தக் கமிஷன் பட்டியலை நம்பி நிச் எடுக்கக் கூடாது. 2020 ஏப்ரலில், ஊரடங்கின் நடுவில், அமெரிக்க அமேசான் ஃபர்னிச்சருக்கும் ஹோம் இம்ப்ரூவ்மென்ட்டுக்கும் கொடுத்துவந்த 8 சதவீதத்தை ஒரே அறிவிப்பில் 3 ஆக்கியது. அந்தக் கமிஷனை நம்பிக் கட்டிய தளங்களின் வருமானம் பாதிக்கும் கீழே போனது. டிராஃபிக் ஒரு துளிகூடக் குறையாமலே. இன்னொன்று, அமேசான் லிங்க்கை ஒருவர் சொடுக்கினால் அடுத்த 24 மணி நேரத்துக்குள் அவர் வேறு என்ன வாங்கினாலும் பெரும்பாலும் நம் கணக்கில்தான் சேரும். கிரைண்டர் பார்க்க வந்தவர் குக்கரும் டயப்பரும் வாங்கிப் போவது இங்கே சகஜம்.

போட்டி எப்படி என்பதும் ஊரறிந்த விஷயம். இருபதாயிரத்துக்குள் நல்ல போன் எது என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். 91மொபைல்ஸ், ஸ்மார்ட்பிரிக்ஸ், ஜிஎஸ்எம்அரீனா, பிறகு பெரிய பத்திரிகைகளின் டெக் பக்கங்கள். கார்டு என்று தேடினால் பைசாபஜார், நம்ம சென்னையில் பிறந்த பேங்க்பஜார், அப்புறம் வங்கிகளே நேராக. பணமும் உடல்நலமும் சம்பந்தப்பட்ட பக்கங்களுக்கு கூகுள் தனி அளவுகோல் வைத்திருக்கிறது: எழுதியவர் யார், எந்தத் தகுதியில் சொல்கிறார், தளத்தின் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும். 2018 ஆகஸ்டில் கூகுள் தன் தேடல் வரிசை முறையை மாற்றிய அப்டேட்டுக்கு ‘மெடிக்’ என்று பட்டப்பெயரே விழுந்தது. அதில் உடல்நலத் தளங்களும் பணத் தளங்களும் நிறையவே அடிவாங்கின. தனி ஆளாக உட்கார்ந்து எழுதுகிறவர் அங்கே போய் மோதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சிஏ படித்தவர், வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றால் கதை வேறாக இருக்கலாம்.

கிரைண்டர் என்று தேடினால் வருவது வேறு ரகம். கம்பெனியின் சொந்தப் பக்கம், கடைப் பக்கங்கள், கோராவில் யாரோ எழுதிய பதில், நடுநடுவே மாவே ஆட்டிப் பார்க்காதவர்கள் எழுதிய டாப் டென் பட்டியல்கள். தேடல் வார்த்தைகளை அலசும் கீவேர்ட் டூல்கள், முதல் பக்கத்துக்கு வருவது எவ்வளவு கடினம் என்று காட்டும் கஷ்ட எண்ணை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அது பெரும்பாலும் முதல் பக்கத்தில் இருப்பவர்களுக்கு எத்தனை பேக்லிங்க் (வேறு தளங்களில் இருந்து வரும் லிங்க்) என்று எண்ணிச் சொல்வது. அவர்கள் கேள்விக்குப் பதில் சொன்னார்களா என்று அதற்குத் தெரியாது. நான் பார்ப்பது வேறு. முதல் பத்து முடிவுகளையும் திறப்பேன். எதிலாவது எழுதியவரே எடுத்த போட்டோ இருக்கிறதா? அமேசான் விவரப் பட்டியலில் இல்லாத ஒரு வரியாவது இருக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் அங்கே நமக்கு இடம் இருக்கிறது.

இவ்வளவையும் தாண்டி, என்னை மொபைலில் இருந்து கிரைண்டருக்குத் தள்ளியது ஒரே விஷயம்தான்: பராமரிப்பு. எழுதிய பக்கம் எத்தனை நாள் உண்மையாக இருக்கும் என்பது.

மொபைல் பக்கம் பால் பாக்கெட் மாதிரி. இன்று ‘பதினைந்தாயிரத்துக்குள் சிறந்த ஐந்து’ என்று எழுதினால், அடுத்த மாதம் அதே கம்பெனி புது மாடல் விடும். பழைய மாடல் விலை இறங்கும், அல்லது ஸ்டாக்கே இருக்காது. சேல் நாட்களில் பட்டியலில் பாதி வேறு விலைப் பிரிவுக்குத் தாவிவிடும். விலையைக் கையால் டைப் செய்து வைக்க அமேசான் அனுமதிப்பதில்லை. அவர்களுடைய ஏபிஐ (விலையைத் தானாக நம் தளத்துக்கு அனுப்பும் இணைப்பு) வழியாகத்தான் காட்ட வேண்டும். அந்த ஏபிஐயோ விற்பனை நடந்துகொண்டிருக்கும் கணக்குக்குத்தான் வேலை செய்யும். புதிதாக ஆரம்பிப்பவர் கணக்கு திறந்த 180 நாளுக்குள் மூன்று விற்பனை காட்டாவிட்டால் கணக்கே போய்விடும். அதனால் ஆரம்ப நாட்களில் விலை போடாமல்தான் எழுத வேண்டியிருக்கும். கிரைண்டருக்கு அது குறையில்லை. விலைப் பிரிவை வைத்தே தேடப்படும் மொபைலுக்கு அது பெரிய ஓட்டை. கடைசியில் என் நேரமெல்லாம் பழைய பக்கங்களைத் திருத்துவதிலேயே போனது, புதிதாக எழுத நேரமில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் தளத்துக்கு அது ஒரு ஷிப்ட் வேலை. ஒற்றை ஆளுக்கு முடியாது.

கிரைண்டர் அப்படி இல்லை. இரண்டு லிட்டர் டேபிள்டாப், டில்டிங், கவிழ்க்க வராத சாதா மாடல் என்று வகைகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கின்றன. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கியே பல வருடமாயிற்று. இன்றும் சந்தையில் அடிபடும் பெயர்களில் பலவும் அந்த வட்டாரத்துப் பெயர்கள்தான். என் பக்கங்களை தீபாவளிக்கு முன்னால் ஒரு சுற்று, கோடைக்கு முன்னால் ஒரு சுற்று பார்ப்பேன். மாடல் ஸ்டாக்கில் இருக்கிறதா, லிங்க் செத்துவிட்டதா, கம்பெனி பெயரை மட்டும் மாற்றி அதே மெஷினை விற்கிறதா என்று. மீதி நேரம் மாவு ஆட்டலாம்.

உண்மையாகவே ஆட்ட வேண்டும், அதுதான் விஷயம். உளுந்து பொங்கி வர எத்தனை நிமிடம், ஆட்டி முடித்ததும் மாவு கைக்கு எவ்வளவு சூடாக இருக்கிறது, டிரம்மின் ஓரத்தில் அந்த வெள்ளை வழிப்பான் தொடாத இடத்தில் எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது, டிரம்மைத் தூக்கி சிங்க்கில் வைத்துக் கழுவ ஒரு கை போதுமா. இதையெல்லாம் போட்டோவோடு எழுதிய பக்கம் மூன்று வருடம் கழித்தும் பொய்யாகாது. 2021 ஏப்ரலில் கூகுள் புராடக்ட் ரிவியூஸ் அப்டேட் கொண்டுவந்து, அதே ஆண்டு டிசம்பரில் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்ததற்கு அத்தாட்சி கேட்க ஆரம்பித்தது. 2022 டிசம்பரில் தன் தர வழிகாட்டியில் ‘அனுபவம்’ என்பதையும் தனியாகச் சேர்த்தது. போன் என்றால் அந்த அத்தாட்சிக்கு மாதாமாதம் செலவு. கிரைண்டர் ஒருமுறை வாங்கினால் ஐந்து கட்டுரைக்கு வரும், இட்லியும் வரும்.

குறுகிய நிச்சில் உட்கார்ந்தால்தான் கண்ணில் படும் சில கேள்விகள் உண்டு. எனக்கு அதிகம் ஓடுகிற பக்கங்களில் ஒன்று, இந்திய கிரைண்டரை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகலாமா என்பது. டூல்களில் இந்தக் கேள்விக்குத் தேடல் அளவு பூஜ்யம் என்றுதான் காட்டும். ஆனால் நியூ ஜெர்சியிலும் டல்லாஸிலும் இருக்கும் நம்மவர்கள் விதவிதமான வார்த்தைகளில் இதையேதான் தட்டுகிறார்கள். பொதுவாகக் கிடைக்கும் பதில், டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கொள்ளுங்கள் என்பது. மிக்ஸிக்கு அது சரி, அதில் இருப்பது யுனிவர்சல் மோட்டார். கிரைண்டரில் பெரும்பாலும் இண்டக்‌ஷன் மோட்டார். டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டை 230 ஆக்கும். அங்கத்திய 60 ஹெர்ட்ஸை நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸாக மாற்றாது. இந்த மோட்டாரின் வேகமோ அந்த ஹெர்ட்ஸைப் பொறுத்தது. கல் ஏறக்குறைய இருபது சதவீதம் வேகமாகச் சுற்றும், இழுவை குறையும், மாவு சூடாகும். அதற்கு அங்கேயே விற்கும் 110 வோல்ட் மாடலை வாங்குவது மேல். அந்த வாசகருக்கு அமேசான் இந்தியா லிங்க்கால் பயன் இல்லை. அமெரிக்க அமேசானில் அசோசியேட்ஸ் (அஃபிலியேட்) கணக்கு தனியாகத் திறந்து, நாட்டுக்குத் தக்கபடி லிங்க் மாறும்படி வைக்க வேண்டும். இந்த ஒரு பக்கத்தை எழுத மின்சாரம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், இட்லி கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பெரிய தளங்கள் இதற்கு ஆள் போட்டு எழுத மாட்டார்கள்.

இதனால் சமையலறை நிச் பத்திரமான இடம் என்று அர்த்தமில்லை. 2023 செப்டம்பரில் வந்த கூகுளின் ஹெல்ப்ஃபுல் கன்டென்ட் அப்டேட்டில் நன்றாக எழுதிய சின்னத் தளங்களும் சேர்ந்தே அடிபட்டன. ஏர் பியூரிஃபையரைத் தாங்களே பரிசோதித்து எழுதும் ஹவுஸ்ஃபிரெஷ் என்ற தளம், 2024 பிப்ரவரியில், பெயர் பெற்ற பெரிய பத்திரிகைகள் பொருளைத் தொடாமலே தங்களை எப்படி முந்துகின்றன என்று விலாவாரியாக எழுதியது. பெரிய தளத்தின் பெயரை வாடகைக்கு எடுத்து ஓட்டும் கூப்பன், ரிவியூ பகுதிகளுக்கு எதிராக அடுத்த மாதமே கூகுள் தனி விதி அறிவித்தது; இழந்த டிராஃபிக் எல்லோருக்கும் திரும்பிவிடவில்லை. 2024 ஆகஸ்டில் ஏஐ ஓவர்வியூ (தேடல் முடிவுகளுக்கு மேலே கூகுளே ஏஐ மூலம் தரும் பதில்) இந்தியாவுக்கும் வந்தது. அதன் பிறகு ‘உளுந்து எவ்வளவு நேரம் ஊற வேண்டும்’ மாதிரியான பக்கங்களுக்கு என் தளத்தில் ஆள் வருவது நன்றாகவே குறைந்துவிட்டது. பதில் மேலேயே கிடைத்துவிடுகிறது. எந்த மாடல், என்ன ரிப்பேர், எதில் பெல்ட் தேயும் என்கிற பக்கங்கள் இதுவரை தாக்குப்பிடிக்கின்றன. எவ்வளவு நாள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

தமிழில் எழுதலாமே என்று சிலர் கேட்கிறார்கள். 2018 முதல் ஆட்சென்ஸ் (கூகுளின் விளம்பர வருமானத் திட்டம்) தமிழுக்கு உண்டு, போட்டியும் குறைவு. ஆனால் நம்மவர்கள் பொருள் வாங்கும்போது ஆங்கிலத்திலோ தங்கிலீஷிலோதான் தட்டுகிறார்கள். தமிழில் வேண்டுமென்றால் யூடியூப் போகிறார்கள். நான் தமிழில் போட்ட சில பக்கங்கள் படிக்கப்படுகின்றன, விற்பது குறைவு. வெகு சில பக்கங்களை வைத்துச் சொல்வதால் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தளத்தை விற்பதைப் பற்றி: மாத லாபத்தை இத்தனை மடங்கு என்று பெருக்கித்தான் விலை பேசுவார்கள். நான் விற்றதில்லை. வாங்க வந்த ஒருவர் முதலில் கேட்டது, நீங்கள் தொடாமல் விட்டால் ஆறு மாதத்தில் இது எவ்வளவு இறங்கும் என்பதைத்தான். மொபைல் தளத்துக்கு அந்தக் கேள்வி வந்திருந்தால் என்னிடம் நல்ல பதில் இருந்திருக்காது.

கிரைண்டர் வேண்டாம், வேறு ஏதாவது என்றால் இப்போது என் கண் சீலிங் ஃபேன் மீது இருக்கிறது. 2023 ஜனவரி முதல் மின்சிக்கனத்தைக் காட்டும் ஸ்டார் லேபிள் கட்டாயமாகிவிட்டது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கிற இடத்தில் பிஎல்டிசி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் சுமார் 30 வாட்டில் ஓடுகிறது. மாடல்களும் மொபைல் வேகத்தில் மாறுவதில்லை. சத்தம், ரிமோட் பழுது, இன்வெர்ட்டரில் ஓடும்போது என்ன ஆகிறது என்று எழுத நிறைய இருக்கிறது. ஆனால் ஒவ்வொன்றையும் கழற்றி மாட்ட எலக்ட்ரீஷியன் கூலி உண்டு, அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.