நூறு பிரதி கவிதைத் தொகுப்பு: மதுரை பிஓடி அச்சகங்களை நம்பலாமா?

மதுரையில் பிஓடி, அதாவது தேவைக்கேற்பக் குறைந்த பிரதிகள் அச்சிடும் டிஜிட்டல் அச்சகங்கள் இப்போது ஐம்பது, நூறு பிரதிகூட அடித்துத் தருகின்றன. கூடவே விற்றுத் தருவதாக ஒரு பேக்கேஜும் சொல்கிறார்கள். அச்சுக்குத் தாராளமாகப் போகலாம். பேக்கேஜ் மட்டும் வேண்டாம்.

டெம்மி அளவு (5.5 × 8.5 அங்குலம்), 64 பக்கம், உள்ளே 70 ஜிஎஸ்எம் (தாளின் எடைக் கணக்கு) நேச்சுரல் ஷேட் மேப்லித்தோ என்ற இளமஞ்சள் தாள், 300 ஜிஎஸ்எம் ரேப்பர் (மேலட்டை), அதன்மேல் பளபளக்காத மேட் லேமினேஷன். கவிதைக்கு இது போதும், எழுத்தும் கறுப்பாக விழுகிறது. கெடுவது லேஅவுட்டில்தான். ஏ4 வேர்ட் ஃபைலை அப்படியே கொடுத்தால், பக்கம் சுருங்கும்போது நீளமான வரி மடங்கிக் கீழே இறங்கிவிடும். கட்டுரையில் அது பரவாயில்லை. கவிதையில் மடங்கிய அந்த ஒற்றைச் சொல் தனி அடியாகிப் பொருளையே மாற்றிவிடும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்ததைச் சரியாக யூனிகோடாக மாற்றாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். 5.5 × 8.5 அங்குலத்தில் நீங்களே பக்கம் அமைத்து பிடிஎஃப்பாகக் கொடுங்கள். ப்ரூஃபைத் தாளில் கேட்டு வாங்கி, வரி வரியாகப் பாருங்கள். 64 பக்கத்துக்கு முதுகு மூன்று மில்லிமீட்டர்தான் வரும். அலமாரியில் செருகிவிட்டால் தலைப்பு யார் கண்ணிலும் படாது. அட்டை தெரிய வைக்கச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்டே ஆக வேண்டும்.

இனி விலை. அடக்கம் பிரதிக்கு 70 ரூபாய், விலை 120 என்று வையுங்கள். கடைக்கு 40 சதவீதக் கழிவு போனால் கையில் 72. லாபம் இரண்டே ரூபாய். பேக்கேஜ்காரர் விலையில் இன்னொரு 10 சதவீதம் எடுத்தால் விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் பத்து ரூபாய் நஷ்டம். விற்க விற்க நட்டப்படும் கணக்கு இது! பாதிப் பிரதிகளையாவது வெளியீட்டு விழாவிலும் நண்பர்கள் வழியாகவும் முழு விலைக்கு நேரே விற்றால்தான் கையில் ஏதாவது நிற்கும். தமுக்கம் புத்தகத் திருவிழாவில் ஒரே ஒரு தலைப்புக்காக அரங்கு எடுப்பது கட்டாது. தெரிந்த பதிப்பாளர் அரங்கில் இருபது பிரதி வைக்கக் கேளுங்கள்.

பேக்கேஜில் ஐஎஸ்பிஎன்னுக்கு (புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்) தனிக் கட்டணம் போட்டிருந்தால் மறுத்துவிடுங்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே தருகிறது. அச்சகம் தன் பெயரில் வாங்கிய எண்ணில் புத்தகம் வந்தால் பதிப்பாளராகப் பதிவாவது அவர்கள் பெயர்தான்.

கடையில் கொடுக்கும்போது எண்ணிக்கை, கழிவு, தேதி மூன்றும் எழுதிய சலானில் கையெழுத்து வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் இருப்பை எண்ணுங்கள். வெளியூர் வாசகருக்கு அனுப்ப, புத்தகங்களுக்கென்று இருந்த மலிவான பதிவுத் தபாலை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அதனால் தபால் செலவை விலையோடு சேர்க்காமல் தனியாகச் சொல்லி, முன்பணம் வந்தபிறகே அனுப்புங்கள்.