பாண்டூன் படகு: ஏரியில் ஒரு நாள், கொட்டகையில் ஒரு மாதம்

பாண்டூன் படகு, அதாவது குழாய் மிதவைகளின் மேல் தட்டையான தளம் போட்ட படகு வாங்கலாமா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கூரை போட்ட இடம் இருக்கிறதா? மோட்டார் பெரிதா சிறிதா, எத்தனை பேர் உட்காரலாம் என்பதெல்லாம் அப்புறம். பல வருடமாக ஒன்றை வைத்துப் பராமரித்ததில் எனக்குத் தெரிந்தது, இந்தப் படகு தண்ணீரில் ஓடிக் கெடுவதைவிடக் கரையில் சும்மா நின்று கெடுவதே அதிகம். அதுவும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் மாதிரி காலையில் வெயிலும் சாயங்காலம் இடிமழையுமாக இருக்கும் ஊரில்.

நானும் மச்சானும் பங்கு போட்டு வாங்கிய படகு இது. 20 அடி நீளம், அடியில் இரண்டு அலுமினியக் குழாய், மேலே பலகைத் தளம், 40 குதிரைத்திறன் யமஹா மோட்டார். ஏரியிலேயே கட்டிப்போட்டால் வேலை மிச்சம் என்று பலர் சொன்னார்கள். ஆனால் தண்ணீரிலேயே கிடந்தால் குழாயில் பாசி ஏறும். பாசியைத் தடுக்கச் செம்பு கலந்த பெயிண்ட் அடித்தால் அலுமினியம் அரித்துவிடும். செம்பு மருந்து ஏற்றிய மரத்துக்கும் இதே கதிதான். டிரெய்லரில் படகு உட்காரும் கட்டைக்கு அந்த மரத்தைப் போடக்கூடாது.

எங்கள் படகு தோட்டத்து ஓரம் தகரக் கொட்டகையில், டிரெய்லர் மேலேயே நிற்கிறது. முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருக்கிறோம், தளத்தில் விழும் தண்ணீர் பின்னால் வழிந்துவிடும். மோட்டாரை நேராகக் கீழே இறக்கி வைப்போம். அப்போதுதான் உள்ளே தங்கிய நீர் வடியும். நீல கென்வஸை இருக்கைமேல் அப்படியே போர்த்தினால் இரண்டு வாரத்தில் பூஞ்சை பிடித்துவிடும். நடுவில் கம்பு நட்டுக் கூடாரம் மாதிரி தூக்கி, இரண்டு பக்கமும் காற்றுக்கு வழி விடவேண்டும். பூஞ்சை வந்தாலும் குளோரின் கலந்த பிளீச் வேண்டாம், தையல் நூல் இற்றுப்போகும். தண்ணீர் கலந்த வினிகர் போதும்.

செம்பனைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் எலிக்குப் பஞ்சமே இல்லை. பழத்தைத் தின்ன வரும் எலி, இருக்கையின் பஞ்சையும் வயரையும் விடாது. தோட்டங்களில் ஆந்தைக்கு மரப்பெட்டி வைத்து எலியைக் கட்டுப்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் கொட்டகைக்கு அருகிலும் ஒரு பெட்டி இருக்கிறது, நன்றாகவே உதவுகிறது. இருந்தாலும் சாப்பாட்டுத் துணுக்கு ஒன்றுகூடப் படகில் தங்கக்கூடாது என்பதில் மச்சான் மகா கண்டிப்பு. பெட்ரோல் டேங்க் காற்றுக்குழாயில் குளவி கூடு கட்டும், அதையும் பார்க்கவேண்டும்.

நாங்கள் போவது சென்டெரோ ஏரிக்கு. கோலகங்சார் தாண்டி லெங்கோங் சாலையில் ராபான் பக்கம். 1930இல் கட்டி முடித்த அணை தேக்கிய ஏரி அது. அதற்கு மேலே தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங் என்று வரிசையாக மூன்று அணைகள் இருப்பதால், அங்கே விடும் தண்ணீரைப் பொறுத்து மட்டம் ஏறும், இறங்கும். ஆகவே படகை இறக்குமுன், டிரெய்லர் நீருக்குள் இறங்கும் சிமென்ட் சரிவை நடந்துபோய்ப் பார்க்கவேண்டும். மட்டம் குறைந்த நாளில் சிமென்ட் முடியும் விளிம்புக்கு அப்பால் டிரெய்லர் சக்கரம் விழுந்தால், ஹைலக்ஸ் பிக்கப் வண்டியால்கூட இழுக்க முடியாமல் போகலாம்.

வந்தவுடன் இறக்கக்கூடாது என்பது இன்னொன்று. நெடுஞ்சாலையில் ஓடிய சக்கர பேரிங் சூடாக இருக்கும்; சூட்டோடு நீரில் இறங்கினால் சட்டென்று குளிர்ந்து தண்ணீரை உள்ளே இழுத்துவிடும். அந்த நேரத்தில் பின் பெல்ட்டைக் கழற்றி, மோட்டாரைத் தூக்கி, முன்னும் பின்னும் கயிறு கட்டிவிடுவோம். படகை டிரெய்லரோடு இழுத்துப் பிடிக்கும் முன்பக்கத்து வின்ச் பட்டையை மட்டும் படகு மிதக்கும்வரை விடுவதில்லை. காற்றுக்கு இந்தப் படகு பாய்மரம் மாதிரி. கயிறு பிடிக்க ஆள் இல்லாவிட்டால் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போய்விடும்.

ஏரியின் ஆழம் குறைந்த ஓரங்களில் நீர்ச்செடி அடர்த்தி. அது மோட்டார் தண்ணீர் உறிஞ்சும் துளையை அடைத்தால் என்ஜின் கொதிக்கும். பின்னால் பீய்ச்சும் சிறு நீர்த்தாரையை ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், மெலிந்தால் உடனே நிறுத்தித் துளையைச் சுத்தம் செய்யவேண்டும். பாட்டில் மிதவை தெரிந்தால் அது லோமா மீன் பிடிக்கிறவர்களின் வலை. சுற்றிப் போங்கள், வேகத்தையும் குறையுங்கள். அது அவர்கள் பிழைப்பு.

பாதுகாப்பு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்காத இடம் முன்கதவு. வரவேற்பறை மாதிரி சோபா போட்டிருப்பதால் யாருக்கும் பயமே வருவதில்லை. முன் கம்பிக்கு வெளியே ஓர் அடி தளம் நீண்டிருக்கும். பிள்ளைகள் அங்கே காலைத் தொங்கப்போட்டு உட்கார ஆசைப்படுவார்கள். அங்கிருந்து விழுகிற ஆள் இரண்டு குழாய்க்கும் நடுவே போய், நேராகப் பின்னால் சுழலும் காற்றாடியிடம் சேர்வார். ஓட்டுகிறவர் சுதாரிக்க நேரமே இருக்காது. ஒருமுறை அத்தை அங்கே வசதியாக உட்கார்ந்துவிட்டார்.

“காத்து நல்லா வருது, இங்கயே இருக்கேனே.”

“அத்தை, உள்ள வாங்க. கதவ மூடினாத்தான் மோட்டாரைத் தட்டுவேன்.”

கோபித்துக்கொண்டுதான் வந்தார். பரவாயில்லை.

படம் எடுக்க எல்லாரும் முன்னால் கூடுவதும் ஆபத்து. முன்பாரம் ஏறிய படகை ஓட்டிக்கொண்டே சட்டென்று வேகத்தைக் குறைத்தால் மூக்கு குத்தித் தளத்தில் தண்ணீர் ஏறும். ஆட்களைப் பரவலாக உட்காரவைத்து, படகில் ஒட்டிய தகட்டில் உள்ள எடை அளவைத் தாண்டாமல் ஏற்றுங்கள். மிதவைச் சட்டை சிறுவர்களுக்கு ஏறுமுன்பே மாட்டிவிடவேண்டும். மோட்டாரை நிறுத்தும் கயிற்றை ஓட்டுகிறவர் உடம்பில் கட்டியிருக்கவேண்டும்.

ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் மதியத்துக்குப் பிறகு இடி வருவது சகஜம். மைசுவாச்சா செயலியில் வானிலையைப் பார்த்துவிட்டுக் காலையிலேயே போய், மதியச் சாப்பாட்டைக் கரையில் வைத்துக்கொள்கிறோம். திறந்த ஏரியில் மின்னலுக்கு உயர்ந்த பொருள் நம் கூரைக் கம்பிதான்.

பழைய படகு வாங்குவதாக இருந்தால் மிதக்கவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தக் குழாயில் தண்ணீர் இருக்கலாம். மோட்டாரின் கியர் எண்ணெயைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள்; பால் நிறமாக இருந்தால் நீர் புகாமல் தடுக்கும் சீல் போயிருக்கிறது. தளத்துப் பலகையை மூலைமுடுக்கெல்லாம் மிதித்துப் பார்த்து, அமுங்குகிற இடத்துக்கெல்லாம் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.