தொய்ந்த கட்டிலுக்கு இரும்புச் சட்டமா, பழைய மரமா?

கட்டில் நடுவில் தொய்ந்துவிட்டால் காரைக்குடியில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். பிளைவுட்டை மாற்று என்பார் ஒருவர். பட்டறையில் சதுர பைப்பில் சட்டம் அடித்து உள்ளே இறக்கு என்பார் இன்னொருவர். பழைய மரத்தில் ஒரு நடுச்சட்டம், அதற்கு ஒரு கால், அவ்வளவு போதும் என்றார் எங்கள் ஆசாரி. மூன்றையும் விசாரித்துவிட்டு ஆசாரி சொன்னதைத்தான் செய்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாயத்தான் செய்யும்.

முதலில் குறை கட்டிலிலா மெத்தையிலா என்று பார்த்துவிடுங்கள். மெத்தையைத் தரையில் போட்டுப் படுத்தாலும் குழி இருந்தால் கட்டில் மேல் பழி இல்லை. இலவம்பஞ்சு மெத்தை என்றால் வெயிலில் காயவைத்து அடித்தால் ஓரளவு எழும். அமுங்கிப்போன தேங்காய் நார் மெத்தை எழாது. மெத்தையில் குறை இல்லையென்றால் கட்டிலின் குறுக்கே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள். நூலுக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் பலகையும், அதை அடியில் தாங்கும் குறுக்குக் கட்டைகளான ரீப்பரும் தொய்ந்திருக்கின்றன. பக்கச் சட்டத்தின் நீளவாக்கிலும் இப்படிப் பிடித்துப் பார்க்க வேண்டும். எங்களுடையது ஐந்தடி அகலம், ஆறேகாலடி நீளம். தேக்குப் பக்கச் சட்டங்கள் நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தன. தொய்ந்ததெல்லாம் நடுப்பகுதிதான்.

பிளைவுட் மாற்றுவது பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 12 மில்லிமீட்டரை எடுத்துவிட்டு 18 போட்டால் விறைப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடும், உண்மைதான். ஆனால் எட்டுக்கு நாலடி ஷீட் ஒன்றில் எங்கள் அளவுக்கு ஒட்டில்லாமல் வெட்ட முடியாது. இரண்டு ஷீட் வாங்கி மிச்சத்தைப் பரணில் போட வேண்டும். ஐந்தடிக்கு நடுவில் தாங்கல் இல்லாத குறையும் அப்படியே இருக்கும். நாள்பட்ட பாரத்தில் அதுவும் மெல்ல அமரும்.

இரும்புச் சட்டம் பலமானது, அதில் சந்தேகமில்லை. அளவு கொடுத்தால் பட்டறையில் ஒரே நாளில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள், கரையான் கவலையும் இல்லை. என் வீட்டில் அதைப் போட்டுப் புழங்கியதில்லை, அயித்தை வீட்டில் பார்த்ததுதான். அங்கே பல வருடமாகக் கட்டில் அசையவில்லை. புரண்டு படுத்தால் மரமும் இரும்பும் உரசிக் கிறீச்சிடும், அவ்வளவுதான். அது எல்லா வீட்டிலும் வருமா, அங்கே பொருத்தியவரின் கைவண்ணமா என்று சொல்லத் தெரியவில்லை.

என்னைத் தடுத்தது தரை. நாங்கள் குடியிருப்பது ஒரு பழைய வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில், தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். நடுவில் இரும்புக் கால் வைக்கலாமா என்று வீட்டுக்கார ஆச்சியிடம் கேட்டேன். வாயால் ஒன்றும் சொல்லாமல் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், பீரோ நின்ற இடத்தைக் காட்டினார். மஞ்சள் பூக்கல்லில் நாலு மூலைக்கும் காப்பிப்பொடி நிறத்தில் நாலு வட்டம். "தேய்க்காத தேய்ப்பில்ல தம்பி. அப்படியே கல்லுக்குள்ள இறங்கிருச்சு."

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு அல்ல. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன் பின்னால் மணலும் சிமெண்டும் போட்டு வார்த்து, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருகிறதே தவிர மேலே மெழுகிய பூச்சு கிடையாது. அதனால் கறை உள்ளே இறங்கும். துருவை எடுக்க ஆசிட் ஊற்றினால் கறையோடு சேர்த்துச் சிமெண்டையும் அரிக்கும். இங்கே தினம் தண்ணீர் விட்டுத் துடைக்கிற பழக்கம். பைப் முனையில் ரப்பர் மூடி மாட்டலாம், ஆனால் துடைக்கும் தண்ணீர் மூடிக்குள் இறங்கித் தங்கினால் துரு உள்ளிருந்தே கிளம்பும். பெயிண்ட் உரிகிறதா, மூடி கிழிகிறதா என்று கட்டிலுக்கு அடியில் அடிக்கடி தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? வாடகை வீட்டில் ஒரு கல்லைப் பெயர்த்து, அதே பூவில், அதே வெளிறிய நிறத்தில் வேறு கல் தேடுவதை நினைத்தாலே போதும், இரும்பு ஆசை போய்விடும். உங்கள் வீட்டில் சாதாரண வழவழப்பான டைல்ஸ் என்றால் இந்தக் கவலை பெரிதாக இல்லை, தாராளமாக இரும்புக்குப் போகலாம். பக்கச் சட்டமே பார்ட்டிகிள் போர்டில் செய்த கட்டிலுக்கும் இரும்புதான் சரி. அந்தப் பலகையில் திருகு பிடித்து நிற்காது.

மரத்துக்கு முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் போக வேண்டாம். அங்கே செதுக்கிய தூணுக்கும் பழம்பொருளுக்கும்தான் விலை. இடித்த வீட்டு மரத்தைக் குவித்து வைத்திருக்கும் சாதாரணக் கடை போதும். மூன்றுக்கு இரண்டு அங்குலத்தில் ஒரு பர்மாத் தேக்குத் துண்டு கிடைத்தது. எடுக்கும்போது தரையில் தட்டிப் பாருங்கள். துளைகளிலிருந்து மாவு உதிர்ந்தால் வண்டு குடியிருக்கிறது, விட்டுவிடுங்கள். பழைய ஆணி உள்ளே ஒடிந்து கிடந்தால் ரம்பப் பல் போகும், ஆசாரியின் திட்டும் கிடைக்கும்.

அந்தச் சட்டத்தைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு, மூன்றங்குலப் பக்கம் நிமிர்ந்து நிற்கும்படி கொடுத்தோம். படுக்கவைத்தால் வருவதைவிட இரண்டேகால் மடங்கு விறைப்பு. அதற்கு நடுவில் ஒரு கால். தாங்கலுக்குத் தாங்கல் தூரம் பாதியானால், நடுவில் உட்காரும் அதே பாரத்துக்கு வளைவு எட்டில் ஒன்றாகிவிடும். ஏற்கெனவே படுக்கையாக அடித்திருந்த இரண்டுக்கு ஒன்று ரீப்பர்களையும் கழற்றி நிமிர்த்தினோம், அதில் நாலு மடங்கு. ஓர் அங்குலம் உயரம் கூடுமே என்று, அவற்றைத் தாங்கும் பக்கக் கட்டையை அதே அளவு கீழே இறக்கினார் ஆசாரி. பழைய பிளைவுட்டைப் புரட்டிப் போட்டாயிற்று. மரம், திருகு, கூலி எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்தைத் தொடவில்லை.

பழைய தேக்கு இறுகியிருக்கும். முதலில் துளை போட்டு, திருகில் சோப்புத் தடவி ஏற்றினால்தான் மரம் பிளக்காது. நடுக்காலை மட்டும் சரியான அளவுக்கு வெட்டாதீர்கள், இரண்டு மூன்று மில்லிமீட்டர் குறைத்தே வெட்டச் சொல்லுங்கள். கூடிவிட்டால் கட்டில் அந்தக் காலின் மேல் ஏறி நின்று ஆடும். குறைந்ததற்கு மெல்லிய ஆப்பு ஒன்று போதும், பழைய தரை மேடு பள்ளமாக இருந்தாலும் அதை வைத்தே சரிக்கட்டலாம். ஈரம் ஏறாமலிருக்கக் காலுக்கு அடியில் கிரானைட் கடையில் ஒதுக்கிப் போட்ட துண்டு ஒன்றை வைத்திருக்கிறோம், அதைச் சும்மாவே கொடுத்தார்கள்.