செவ்வாய்ப்பேட்டை மாடியில் ஒரு நாட்டிய உடைக் கடை

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகள் இருக்கும் சந்து ஒன்றில், மாடியில் இருக்கிறது பரதநாட்டிய உடை தைக்கும் இந்தக் கடை. பெயர்ப் பலகை கிடையாது. "டான்ஸ் டிரஸ் டெய்லர்" என்று கேட்டால் கீழே கொலுசுக்குப் பாலிஷ் போடுகிறவர்களே வழி காட்டிவிடுவார்கள். சேலத்தில் தொழிலாக ஆடுகிறவர்கள், வகுப்பு நடத்துகிறவர்கள், பிள்ளையின் அரங்கேற்றத்துக்குத் தயாராகிற பெற்றோர் என எல்லோருக்கும் தயங்காமல் சொல்வேன். உடைக்காகவும் சொல்வேன், அங்கே கிடைக்கும் தகவலுக்காகவும் சொல்வேன். எனக்கு இரண்டாவதுதான் பெரிது.

முதலில் தையல். கடைக்கார அண்ணன் நம்மை நிற்க வைத்து மட்டும் அளவு எடுக்க மாட்டார். அரைமண்டியில் (முட்டியைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி உட்காரும் நிலை) உட்காரச் சொல்லி இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஒரு அளவு, முழுமண்டியில் (முழுதாகக் குந்தும் நிலை) உட்கார்ந்து எழச் சொல்லி இன்னொரு அளவு. அரைமண்டியில் முட்டி விலகும்போது முன்பக்க மடிப்பு விசிறி முழுதாக விரிய வேண்டும். நிமிர்ந்ததும் மடிப்பு கலையாமல் வந்து சேர வேண்டும். பல ரெடிமேட் உடைகளில் விசிறி பாதி விரிந்து நின்றுவிடும். முன் வரிசையில் இருப்பவருக்கு நம் அரைமண்டியே சரியில்லை என்று தோன்றும். இவர் ஒவ்வொரு மடிப்பையும் விரலால் அழுத்தி, பார்டர் ஓரம் ஒரே கோட்டில் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் மிஷினில் வைக்கிறார். கச்சேரியின் நீளமான உருப்படியான வர்ணம் அரை மணி நேரத்தைத் தாண்டிப் போகும். அவ்வளவு நேரமும் இடுப்பு நாடா இறுக்காமலும் நழுவாமலும் இருக்கிறது. வளர்கிற பிள்ளைகளுக்கு உள்ளே இரண்டு விரல் துணி விட்டுப் பிடிக்கிறார். அடுத்த வருஷம் பிரித்துக்கொள்ளலாம்.

தனி உடைக்குப் பட்டுப் புடவை நாமே வாங்கிக் கொடுக்கலாம். பலர் சேர்ந்து ஆடும் குழு உருப்படிகளுக்கு, பக்கத்து ஊரான இளம்பிள்ளையில் நெய்த புடவைகளை வெட்டித் தைத்துத் தருகிறார். மேடை விளக்கில் பார்க்கப் பளிச்சென்றுதான் இருக்கிறது, செலவும் பாதிக்குக் கீழே. தையல் கூலி உடைக்கு 3,000 ரூபாயை ஒட்டி வரும். வாடகை நகைதான் சுமார். நெத்திச்சுட்டியில் கல் விழுந்திருக்கும், ராக்கொடியில் கொக்கி வளைந்திருக்கும். நகை மட்டும் நாகர்கோவில் பக்கத்து வடசேரி வேலையாகப் பார்த்துச் சொந்தமாக வாங்கிக்கொள்வது நல்லது.

இனி தகவல். சென்னையில் ஆடுகிறவர்களுக்குச் சேதி தானாகக் காதில் விழும். கிருஷ்ண கான சபாவில் 1981 முதல் நடக்கும் நாட்டிய கலா மாநாட்டுக்கு டிசம்பர் காலையில் போய் உட்கார்ந்தால், காபி இடைவேளைக்குள் நாலு ஊர் ஆசிரியர்களிடம் பேசிவிடலாம். நாம் அதற்கு வகுப்பை விட்டுவிட்டு, ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏற வேண்டும். ஏறத்தான் வேண்டும், நானும் போகிறேன். ஆனால் மீதி மாதங்களுக்கு? எந்த விழாவுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும், எந்த சபாவில் ரெக்கார்டட் மியூசிக்குக்கு ஒப்புக்கொள்கிறார்கள், யார் தங்க இடம் தருகிறார்கள், யார் பொன்னாடையோடு அனுப்பிவிடுகிறார்கள் என்பதெல்லாம் எந்த அறிவிப்பிலும் வராது. ஆடிவிட்டு வந்தவர் வாயால்தான் கேட்க வேண்டும். நாமக்கல், ஆத்தூர், தர்மபுரி, ஈரோடு என்று சுற்றுவட்டாரத்தில் ஆடிவிட்டு வந்த ஆசிரியர்கள் பலர் இந்த மாடிப்படி ஏறுகிறவர்கள்.

அண்ணன் ஒரு நீள நோட்டில் ஆர்டர் எழுதுகிறார். பெயர், நிறம், அட்வான்ஸ், கொடுக்க வேண்டிய தேதி. அதற்குப் பக்கத்திலேயே எந்த நிகழ்ச்சிக்கு என்றும் எழுதிக்கொள்வார். எதை முதலில் முடிக்க வேண்டும் என்று தனக்குத் தெரிவதற்காகத்தான். ஆனால் அந்தக் கடைசிக் கட்டம்தான் எங்களுக்கு வேண்டியது. "சிவராத்திரி" என்று எழுதியிருக்கும் ஆர்டர்கள் மார்கழி கடைசியிலேயே வரத் தொடங்கிவிடும். சிவராத்திரியை ஒட்டி ஆடுகிற நாட்டியாஞ்சலி விழாக்களுக்கான உடைகள் அவை. சிதம்பரம் நாட்டியாஞ்சலி 1981இல் தொடங்கியது. இப்போது மகா சிவராத்திரியை ஒட்டி கும்பகோணம், மயிலாடுதுறை, தஞ்சாவூர் என்று பல ஊர்களில் நாட்டியாஞ்சலி நடக்கிறது. உடை தைக்கக் கொடுக்கிற நேரத்தில் அந்த வருஷத்து இடங்கள் முடிந்திருக்கும், அது சரி. ஆனால் யாருக்கு இடம் கிடைத்தது என்று தெரிந்தால், அடுத்த வருஷத்துக்கு யாரைக் கேட்பது என்று தெரிந்துவிடுகிறது.

"மிஸ், அந்த ஆத்தூர் டீச்சர் போன வருசமும் மாயவரம் போனாங்க. அவங்களையே கேளுங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க, நல்லாப் பேசுவாங்க" என்பார்.

அந்த "நான் சொன்னேன்னு சொல்லுங்க"வுக்கு இருக்கும் மதிப்பை, தனியாக வகுப்பு நடத்துகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அறிமுகமில்லாத ஆசிரியருக்குப் போன் செய்தால் போட்டிக்கு வந்தவளோ என்று ஒரு தயக்கம் இருக்கும். இவர் பெயரைச் சொன்னால் அந்தத் தயக்கம் போய்விடுகிறது. விழாக் குழுவின் முகவரி, எத்தனை நிமிட வீடியோ அனுப்புவது, பயோடேட்டாவில் எதை முதலில் போடுவது என்று அந்த ஆசிரியரே எனக்கு வரி வரியாகச் சொன்னார்.

துணி அலமாரியின் கதவைத் திறந்தால் உள்பக்கம் முழுக்க ஸ்கெட்ச் பேனாவில் போன் நம்பர்கள். மிருதங்கம், வயலின், புல்லாங்குழல், நட்டுவாங்கம் (தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லி ஆட்டத்தை நடத்துவது), மேக்கப், மேடை விளக்கு, போட்டோ. சில நம்பர்களுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்கும். சொன்ன நேரத்துக்கு வருகிறவர் என்று அர்த்தம். பெண்களின் நம்பரை அவர் கதவில் எழுதுவதில்லை. அவர்களுக்குப் போன் போட்டு, கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டுத்தான் தருவார். இந்த ஒரு பழக்கத்துக்காகவே அவர் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

வேலை வாய்ப்பும் இப்படித்தான் வருகிறது. ஏற்காட்டில் விடுதியோடு இருக்கும் பள்ளிகள் ஆண்டு விழாவுக்கு மொத்தமாக உடை எடுக்கும்போது, நடனம் சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தால் சொல்லுங்கள் என்று இவரிடம் கேட்கிறார்கள். என்னிடம் படித்து முடித்த ஒரு பெண் இப்போது வாரத்தில் இரண்டு நாள் மலைக்குப் போய் வகுப்பு எடுக்கிறாள். அந்தச் சேதி வந்தது இந்தக் கடையிலிருந்துதான். மே மாதக் கோடை விழா மேடையைப் பற்றியும் முன்பு ஆடியவர்கள் இங்கேதான் பேசிக்கொள்வார்கள்: சாயங்கால மழையில் மேடை நனைந்துவிடும், பாதத்தில் பூசிய ஆல்தா சிவப்புச் சாயம் கரையும், உடை மாற்ற மறைவு குறைவு. அதனால் ஏற்காடு என்று சொன்னாலே அண்ணன் கொக்கிக்குப் பதில் அழுத்துப் பட்டன் வைத்துத் தருகிறார்.

கடையில் கேட்ட சேதிகளில் எனக்கு மிக அவசியமாகப்பட்டது, பணம் கட்டி ஆடும் மேடைகளைப் பற்றியது. "உலக சாதனை" என்று நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மைதானத்தில் நிறுத்தி, தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, கையில் ஒரு சான்றிதழும் கழுத்தில் ஒரு மெடலும் கொடுத்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பையும் ஒரு அமைப்பு கூப்பிட்டது. உடை, வேன், சாப்பாடு எல்லாம் நம் செலவு. அதற்கு மேல் கட்டணம். முந்தின வருஷம் அங்கே போய்வந்த ஒரு அம்மாவை அண்ணன் எனக்குக் காட்டினார். வெயிலில் மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்களாம், பிள்ளை ஆடியது எட்டு நிமிடமாம். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். எட்டு வயதுப் பிள்ளையின் உழைப்பைக் காசாக்குகிறவர்களை நினைத்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது. பெற்றோர்களே, கட்டணம் என்று யாராவது சொன்னால், முன்பு போனவர் ஒருவரிடமாவது பேசிவிட்டு முடிவெடுங்கள்.

அரசு சம்பந்தப்பட்ட விஷயங்களுக்கு மட்டும் கடையை நம்பிவிடக் கூடாது. அங்கே பேசப்படும் வயது வரம்பும் தேதியும் பல சமயம் பழையதாக இருக்கிறது. மாவட்டக் கலை மன்ற விருதுகள் (18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, பிறகு சுடர்மணி, நன்மணி, முதுமணி) பற்றிய அறிவிப்பைக் கலை பண்பாட்டுத் துறையின் சேலம் மண்டல அலுவலகத்தில் நேரில் கேட்பதே சரி. மத்திய கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை பற்றி நம் ஊரில் நிறையப் பேருக்குத் தெரிவதே இல்லை: 18 முதல் 25 வயது, குருவிடம் குறைந்தது ஐந்து ஆண்டுப் பயிற்சி, மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகள். என் மாணவிகளிடம் பதினேழு வயதிலிருந்தே இதைச் சொல்லி வருகிறேன். தூர்தர்ஷன் நடத்தும் தேர்வில் கலைஞர் கிரேடு வாங்கி வைப்பதும் முக்கியம். பயோடேட்டாவைப் பார்க்கிறவர்கள் 'பி'யா, 'பி ஹை'யா, 'ஏ'யா என்றுதான் முதலில் தேடுகிறார்கள். வெளிநாட்டு வாய்ப்புக்கு ஐசிசிஆர் (இந்தியக் கலாச்சார உறவுகள் கவுன்சில்) கலைஞர் பட்டியல் என்று தனி வழி இருக்கிறது.

பொதுவான செய்திகளுக்கு, நடனக் கலைஞர் அனிதா ரத்னம் 2000இல் தொடங்கிய நர்த்தகி இணையதளமும், 1983 முதல் வரும் ஸ்ருதி பத்திரிகையும் எனக்குப் போதும். நர்த்தகியில் நிகழ்ச்சிகள், பயிலரங்குகள், விமர்சனங்கள் எல்லாம் பார்க்கலாம். ஸ்ருதியை நான் விமர்சனங்களுக்காகப் படிக்கிறேன். எந்த சபா எப்படிப்பட்ட உருப்படிகளை மேடையேற்றுகிறது என்று அதிலிருந்து புரியும், விண்ணப்பத்தில் எதை முன்வைப்பது என்றும் யோசிக்கலாம். இவை நாடு முழுவதற்குமானவை. சேலத்து மிருதங்கக்காரர் அடுத்த வெள்ளிக்கிழமை ஓய்வாக இருக்கிறாரா என்பதற்கு அலமாரிக் கதவுதான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். தை, மாசியில் அண்ணன் போன் எடுக்கவே மாட்டார், நேரில்தான் போக வேண்டும். ஒரு டிரயல்தான், இரண்டாவது டிரயல் வேண்டுமென்றால் முகம் சுருங்கும். என் உடை ஒன்று நிகழ்ச்சிக்கு முந்தின நாள் ராத்திரிதான் கைக்கு வந்தது, அதிலும் மேலாக்கில் ஒரு பக்கம் ஓரம் அடிக்காமல் இருந்தது. படிகள் செங்குத்து, கைப்பிடியும் இல்லை. பாட்டி தாத்தாவை அழைத்துக்கொண்டு போகாதீர்கள். பில் கேட்டால் துண்டுச்சீட்டுதான், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சிவராத்திரிக்கு உடை வேண்டுமென்றால் துணியைப் பொங்கலுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பேச்சுக்காகப் போவதாக இருந்தால் ஆனி, ஆடி மாதங்களில், சனிக்கிழமை மதியத்துக்கு மேல் போங்கள். அப்போது தையல் வேலை குறைவு. வெளியூர் ஆசிரியர்களும் பெஞ்சில் நிதானமாக உட்கார்ந்திருப்பார்கள், அண்ணனும் நோட்டைத் திறந்து வைத்துப் பேசுவார்.