சில்வர் ஓக்குக்கென்றே நான் செய்த இழைப்புளி: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

கோத்தகிரி பக்கம் மரவேலை செய்பவர்கள் கைக்குச் சுலபமாக வருவது சில்வர் ஓக்தான். தேயிலைக்கு நிழல் தர ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். பலகையில் பளபளக்கும் அதன் புள்ளிகள் எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் சாதாரண இழைப்புளியை ஓட்டினால் அந்தப் புள்ளிகளே செதிள் செதிளாகப் பெயர்ந்து வரும். அலகு 45 டிகிரி சாய்வில் உட்கார்ந்திருப்பதால், சீவுவதற்கு முன்பே நாரை நெம்பித் தூக்கிவிடுகிறது. அதற்காகவே அலகு இன்னும் நிமிர்ந்து நிற்கும்படி 55 டிகிரியில் ஒன்று செய்துகொண்டேன்.

கட்டை, மேட்டுப்பாளையத்தில் வாங்கிய புளிய மரத்தின் வைரம் பாய்ந்த நடுப்பகுதி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு பலகை அறுத்தெடுத்து, நடுத்துண்டில் சாய்வை வெட்டி, மறுபடி ஒட்டிவிட்டால் உடல் தயார். ஒரே கட்டையை உளியால் குடைவதைவிட இது எவ்வளவோ எளிது. அலகு வெளியே வரும் வாயை மட்டும் ஒரு மில்லிமீட்டருக்குள் வைத்தேன். வாய் குறுகினால் பிசிறு அடங்கும்.

அலகுக்குப் பழைய வண்டியின் ஸ்பிரிங் பட்டை. பட்டறையில் தட்டி மெல்லிசாக்கி வாங்கி, காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்தேன். அரம் பிடிக்காமல் வழுக்கியது, அவ்வளவு கடினமாகிவிட்டது. அப்புறம் நொறுங்கும் தன்மை குறைய, வீட்டு ஓவனில் 200 டிகிரியில் இரண்டு மணி நேரம். இளம் வைக்கோல் நிறம் வந்தது. கருவி செய்பவரும் அதை வைத்து வேலை பார்ப்பவரும் ஒருவராக இருப்பது இந்த மலைக்குப் புதிதல்ல. நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்கள் கொல்லு வேலை, தச்சு வேலை இரண்டையும் பரம்பரையாகச் செய்தவர்கள்.

வேலை எப்படி? சில்வர் ஓக்கில் இப்போது உப்புத்தாளே அநேகமாகத் தேவைப்படுவதில்லை. தள்ள பலம் கூடுதலாக வேண்டும், அகலப் பலகையில் தோள் வலிக்கும். ஸ்பிரிங் இரும்பில் கார்பன் குறைவு. கணுவில் மோதினாலும் முனை உடையாது, ஆனால் சீக்கிரம் மழுங்கும். அடிக்கடி கல்லில் தீட்ட வேண்டியிருக்கிறது.

மலைக்காற்றுதான் பெரிய சோதனை. மழைக்காலத்தில் கட்டை ஊதும், பனிக்காலத்தில் சுருங்கும். அடிப்பக்கம் நேராக இருக்கிறதா என்று இரண்டு பருவத்திலும் பார்த்துத் தேய்த்துவிடுகிறேன். அலகுக்கு இருபக்கமும் கொஞ்சம் இடைவெளி விட்டது நல்லதாகப் போயிற்று. இல்லையென்றால் சுருங்கும்போது கட்டை அலகைக் கவ்விக்கொள்ளும். துருவுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், இந்தக் குளிரில் உறைந்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் போதும். அடியில் மெழுகுவத்தி தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

பட்டறை வசதி இல்லாதவர்கள் அலகைக் கடையில் வாங்கி, உடலை மட்டும் செய்தாலே பாதிக்கு மேல் பலன் உண்டு. பிசிறை அடக்குவது சாய்வும் வாயும்தான்.